வேலூர் வாடகை வீட்டில் வெந்நீர்: கீஸரைப் பார்க்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

வேலூருக்கு வெயில் காலம், கடும் வெயில் காலம் என்று இரண்டே காலம்தான் என வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது உண்டு. மார்கழி விடியற்காலையில் சத்துவாச்சாரியிலோ பாகாயத்திலோ மாடி டேங்க் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். கார்த்திகையில் தொடங்கி மாசி வரை வெந்நீர் வேண்டும். வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ ஆபரேஷன் முடிந்து வந்தவரோ இருந்தால் வருடம் முழுக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரர் ஒரு கீஸரை வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடலாம். வாடகைக்கு இருப்பவருக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. சுவர் நம்முடையது இல்லை, வயரிங் நம்முடையது இல்லை, பல வீடுகளில் மீட்டரும் நம்முடையது இல்லை.

எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் கணக்கில் அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருக்கிறதா, ஓனர் வைத்த சப் மீட்டரா என்பது. இரண்டாவது, உங்கள் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கீஸர் விஷயம் பாதி முடிந்த மாதிரி.

இரவில் போட்டால் பில் குறையுமா?

குறையாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு நேரம் பார்த்துக் கட்டணம் போடுவது இல்லை. நள்ளிரவில் ஓடிய யூனிட்டும் காலை ஏழு மணிக்கு ஓடிய யூனிட்டும் நம் மீட்டருக்கு ஒன்றுதான். கீஸரை ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டால் மிச்சம் என்று சொல்பவர்களைக் காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் அடிக்கடி பார்க்கலாம். அவர்கள் சொல்வது அடியோடு கற்பனையும் இல்லை. தொழிற்சாலைகளின் உயர் அழுத்த இணைப்புக்கு அப்படி ஒரு விதி உண்டு. காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி. ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர் அதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் சொல்ல, அது தெரு முழுக்கப் பரவிவிடுகிறது. வீட்டு மீட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நம் வீட்டு பில்லைத் தீர்மானிப்பது நேரம் இல்லை, படிநிலை, அதாவது யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் முறை. 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 காணாமல் போய்விடும், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். 500-க்கு மேல் போனதற்கு 8.40, 600-க்கு மேல் 9.45, 800-க்கு மேல் 1,000 வரை 10.50. சரியாக 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய். 510 ஓடினால் 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுதல்! ரீடிங் எடுப்பவர் சில நாள் தாமதமாக வந்தால் வீட்டில் ஏன் இவ்வளவு பதற்றம் என்பது இதிலேயே தெரியும்.

இனி வெந்நீரை இதற்குள் வைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. 20 லிட்டர் பக்கெட் தண்ணீரை 24 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர 320 கிலோகலோரி, அதாவது 0.37 யூனிட். நாலு பேர், ஆளுக்கு ஒரு பக்கெட் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். எந்தக் கம்பெனி கீஸராக இருந்தாலும், பக்கெட்டில் போட்டுச் சூடாக்கும் ராடாகவே இருந்தாலும், இந்த 90 குறையப் போவதில்லை. கரண்டில் இயங்கும் ஹீட்டர் எதுவும் வாங்கிய மின்சாரம் முழுவதையும் சூடாகத்தான் மாற்றும். வித்தியாசம் எல்லாம் சூடான பிறகு எவ்வளவு வீணாகிறது என்பதில்தான்.

அதே 90 யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு மாறும். கீஸர் இல்லாமலே 100 யூனிட் ஓடுகிற சிறிய குடும்பத்துக்கு அது 212 ரூபாய். 250 ஓடுகிற வீட்டுக்கு 423 ரூபாய். 430 ஓடுகிற வீடு 520-க்குப் போனால் பில் 1,364-லிருந்து 2,208 ஆகும். அதாவது அதே வெந்நீருக்கு 844 ரூபாய். ஏ.சி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் உள்ள வீட்டில் கரண்ட் கீஸர் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி இந்த மூன்றாவது வீட்டுக்குத்தான். முதல் இரண்டு வீட்டுக்காரர்கள் கவலைப்படாமல் கரண்டிலேயே போகலாம். நல்லவேளையாக ஏ.சி. ஓடும் மாதங்களும் கீஸர் ஓடும் மாதங்களும் நம் ஊரில் ஒன்றாக வருவதில்லை. சித்திரை, வைகாசியில் மதியம் குழாயைத் திறந்தால் கையை வைக்க முடியாது. அந்த மாதங்களில் கீஸர் சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

சப் மீட்டர் வீடு

மேலே சொன்ன படிநிலை எதுவும் இவர்களுக்கு இல்லை. ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று சொன்னால் முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை 8 ரூபாய்தான். 90 யூனிட் வெந்நீருக்கு 720. இலவச 100 யூனிட் யாருக்குப் போகிறது என்பதும் தெரிந்ததுதான்.

ஓனர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. மூன்று போர்ஷன் ஒரே இணைப்பில் ஓடினால் மொத்தம் 900 யூனிட்டைத் தொடுவது சாதாரணம். அவர் கட்டும் பில் 5,820 ரூபாய் ஆகும். கடைசி 100 யூனிட்டை அவர் 10.50-க்கு வாங்குகிறார். ஆனால் சராசரி போட்டால் யூனிட்டுக்கு 6.47 தான். மோட்டார், மாடிப்படி லைட்டுக்கு ஏதோ சேர்த்து 7 என்று பேசி முடிக்கலாம். வாய்ச்சண்டை போடுவதைவிட, அவருடைய கடைசி பில்லை ஒருமுறை காட்டச் சொல்லி, தொகையை யூனிட்டால் வகுத்துக் காட்டினால் பெரும்பாலான ஓனர்கள் இறங்கி வருவார்கள். தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷன் என்றால் ஓனர் பெயரிலேயே இன்னொரு இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கேட்பது அதைவிட நல்லது. ஒரே இணைப்பு 900 ஓடுவதும் மூன்று இணைப்பு தலா 300 ஓடுவதும் ஒன்றல்ல. 300 யூனிட்டுக்கு 705 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்து 2,115.

இப்போது சாமான்களுக்கு வருவோம்.

டேங்க் உள்ள கீஸர்

15 லிட்டர், 2,000 வாட். சுமார் 6,000 முதல் 10,000 ரூபாய் வரை. 60 டிகிரிக்குச் சூடாக்கி, பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 33 லிட்டர், அதாவது ஒன்றரை பக்கெட்டுக்கு மேல் கிடைக்கும். அதற்கு 0.63 யூனிட், இருபது நிமிடத்துக்குள் ஆகிவிடும். ஒருவர் குளித்த பிறகு அடுத்தவர் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேர் வீட்டுக்கு 25 லிட்டர் வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள். ஷவரில் குளிப்பவர்கள் இல்லை என்றால் தேவை இல்லை.

ஆன் செய்தே வைத்தால் மிச்சம் என்பது இன்னொரு வதந்தி. சும்மா நிற்கும் டேங்க் வெளிக்காற்றுக்குச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரைத் தொடாமலே நாளைக்கு அரை யூனிட் முதல் ஒரு யூனிட் வரை போகும். இரண்டு மாதத்தில் அது 30 முதல் 60 யூனிட். ஸ்டார் லேபிளில் இந்த இழப்பைத்தான் 24 மணி நேரக் கணக்காக அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் சிறியதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணைக்கும் வீட்டில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பெரிய வித்தியாசம் வராது. இந்த ஒரு பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வராது என்று தோன்றினால் 5 ஸ்டார் வாங்கிவிடுங்கள்.

வாடகைக்காரருக்கு இதில் உள்ள சங்கடம் எடை. தண்ணீரோடு சேர்த்து 20 கிலோவைத் தாண்டும். செங்கல் சுவரில் பெரிய ஆணி அடித்து மாட்ட வேண்டும், டைல்ஸில் ஓட்டை போட வேண்டும். காலி செய்யும்போது அந்த ஓட்டைக்கு அட்வான்ஸில் பிடிப்பது இங்கே சகஜம்.

இன்ஸ்டன்ட் கீஸர்

3 லிட்டர், 3,000 வாட். 2,500 முதல் 4,500 ரூபாய்க்குள் கிடைக்கும். இலகுவானது, கழற்றிக்கொண்டு போகலாம். சூட்டைச் சேர்த்து வைத்து வீணாக்குவது கிட்டத்தட்ட இல்லை. சப் மீட்டர் வீட்டுக்கு இது பொருத்தம் என்று நான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு.

அந்த நிபந்தனை வயரிங். 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். கொசப்பேட்டை, வேலப்பாடி போன்ற பழைய பகுதிகளில் பாத்ரூமுக்கு வரும் லைன் ஒரு லைட்டுக்காகப் போட்டது. அதில் 5 ஆம்ப் பிளக் பாயின்ட் ஒன்றைச் சேர்த்துவிட்டு 'கீஸர் பாயின்ட் இருக்கு சார்' என்று வீட்டைக் காட்டுவார்கள். அதில் இன்ஸ்டன்ட் கீஸரைச் சொருகினால் முதல் வாரத்தில் பிளக் சூடாகும், அடுத்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். கீஸர் எதுவானாலும் மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 16 ஆம்ப் சாக்கெட், அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே அணையும் தனி எம்.சி.பி., உண்மையாக வேலை செய்யும் எர்த், இவை நான்கும் வேண்டும். அதோடு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால்தான் நிம்மதி. எர்த் என்ற பச்சை வயர் சாக்கெட் வரை வந்து எங்கேயும் சேராமல் நிற்கும் வீடுகளும் உண்டு. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துப் பார்க்காமல் கீஸரை மாட்டாதீர்கள்.

இன்னொன்று, ஓட்டம். 3,000 வாட்டில் 16 டிகிரி ஏற்ற நிமிடத்துக்கு 2.7 லிட்டர்தான் வரும். பக்கெட் நிறைய ஏழெட்டு நிமிடம். குளிர் அதிகமான காலையில் ஒன்பது நிமிடம். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு 'சூடே வரலை' என்று கீஸரைத் திட்டுவதில் பயன் இல்லை. வோல்டேஜ் குறைந்தால் இன்னும் மெதுவாகும். 180 வோல்ட் வந்தால் ஹீட்டரின் சக்தி ஏறத்தாழ 60 விழுக்காடாகக் குறைந்துவிடும். நேரம் கூடும், ஆனால் யூனிட் கூடாது. லோ வோல்டேஜால் பில் ஏறிவிட்டது என்பவர்களின் வீட்டில் வேறு ஏதோ ஓடுகிறது.

ராடு

நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு வருகிறது. 1,500 வாட் ராடு ஒரு பக்கெட்டைக் கால் மணி நேரத்தில் சூடாக்கும். கணக்குப்படி இதைவிடச் சிக்கனம் கிடையாது, ஏனென்றால் தேவையான ஒரு பக்கெட்டை மட்டும் சூடாக்குகிறது. ஆனாலும் குழந்தை உள்ள வீட்டில் இதை நான் வைக்க மாட்டேன். சுவிட்சை அணைக்காமல் தண்ணீரில் கை வைத்து உயிர் போவது செய்தித்தாளில் வருடா வருடம் வருகிறது. இரும்பு பக்கெட் கூடாது, எர்த் இல்லாத பாயின்ட் கூடாது, முதலில் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் சுவிட்ச், எடுக்கும்போது முதலில் சுவிட்ச், பிறகு பிளக், அதற்குப் பிறகுதான் ராடு. வி.ஐ.டி. பக்கம் அறை எடுத்துத் தங்கும் பையன்கள் இதைத்தான் வாங்குகிறார்கள். அவர்களிடம் வேண்டாம் என்று சொன்னால் கேட்கப்போவதில்லை என்பதால் வரிசையையாவது எழுதி வைக்கிறேன்.

கேஸ்

கேஸ் அடுப்பில் ஐந்து லிட்டர் பாத்திரத்தைக் கொதிக்க வைத்து, 15 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கலந்தால் சுமாராக 43 டிகிரியில் ஒரு பக்கெட் தயார். வேலூரில் பாதி வீடுகளில் இதுதான் கீஸர். இதற்கு 50 கிராம் கேஸ் ஆகும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் பக்கெட்டுக்கு மூன்று ரூபாய் சொச்சம். நாலு பேருக்கு இரண்டு மாதத்தில் 12 கிலோ, கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர். 250 யூனிட் ஓடுகிற வீட்டில் கரண்ட் கீஸருக்கு ஆகும் 423 ரூபாயோடு ஒப்பிட்டால் இது நஷ்டம். தவிர, கொதிக்கும் பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு ஈர பாத்ரூமுக்கு நடக்கும் வேலை. வயதானவர்கள் உள்ள வீட்டில் அது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

கேஸ் கீஸர் அதைவிடச் சிக்கனம். அதே வெந்நீருக்கு ஒன்பது கிலோவுக்குள் முடிந்துவிடும், 550 ரூபாய் சுற்றி. 500 யூனிட்டைத் தொட்டு நிற்கும் வீட்டுக்கும் 8 ரூபாய் சப் மீட்டர் வீட்டுக்கும் இது கரண்டைவிட மலிவு. வயரிங் தொல்லையும் இல்லை. ஆனால் எங்கே மாட்டுவது? ஜன்னல் இல்லாத, கதவைச் சாத்தினால் காற்றே வராத ஐந்தடிக்கு நாலடி பாத்ரூமில் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, கண் எரியாது, தலை சுற்றி விழுந்த பிறகுதான் தெரியும். வெளி வராந்தாவிலோ திறந்த சர்வீஸ் பால்கனியிலோ மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர முடிந்தால் பரவாயில்லை. முடியாது என்றால் எவ்வளவு மிச்சமானாலும் வேண்டாம். மாடி வீடு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. டேங்க் நேர் மேலே இருந்தால் தண்ணீர் அழுத்தம் போதாமல் பற்றவே பற்றாது.

பழைய ஓட்டு வீடுகளின் பின்கட்டில் இன்னும் செம்பு பாய்லர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தென்னமட்டையும் சுள்ளியும் போட்டால் வீட்டுக்கே வெந்நீர். மாடியில் ஓனர் துணி காயப்போடுகிற வீட்டில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சோலார் ஹீட்டர் மொட்டை மாடி யாருடையதோ அவருடைய முடிவு. வீடு தேடும்போதே மாடியில் அது இருந்து, உங்கள் பாத்ரூமுக்குக் குழாய் வந்தால் வாடகையில் இருநூறு முந்நூறு கூடக் கொடுக்கலாம். நாமாகப் போடுவது வீண்.

உப்புத் தண்ணீர்

எல்லா ஒப்பீட்டையும் கலைத்துப்போடும் விஷயம் இது. பாலாற்றுப் படுகை முழுக்க, ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை, போர் தண்ணீரில் உப்பு அதிகம். தோல் தொழிற்சாலைக் கழிவும் அதில் சேர்ந்தது பழைய கதை. காவிரித் தண்ணீர் குடத்துக்கு வரும், பாத்ரூம் டேங்குக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் ஏறுகிறது. சூடாக்கினால் சுண்ணாம்பு பிரிந்து எலிமென்ட் என்கிற சூடாக்கும் கம்பி மேல் வெள்ளையாகப் படியும். படிந்த எலிமென்ட் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து வெடிக்கும். சூடு கூடக் கூடப் படிவதும் கூடும், அதனால் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

டேங்க் கீஸருக்குள் மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைவதுதான் அதன் வேலை. இங்கத்திய தண்ணீருக்கு அதை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். கேரண்டி ஏழு வருடம் என்று அட்டையில் இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள், உப்புப் படிவால் வரும் பழுது அதில் அடங்குமா என்று சின்ன எழுத்தில் தேட வேண்டும். இன்ஸ்டன்ட் கீஸரில் டேங்க் சின்னது, எலிமென்ட் நெருக்கமாகச் சுற்றியிருக்கும், சீக்கிரம் அடைக்கும். ஆனால் புதிதாக வாங்கினாலும் செலவு குறைவு. மோசமான போர் தண்ணீர் உள்ள வீட்டில் விலை உயர்ந்த கீஸர் வாங்குவதற்கு நான் எதிரி.

சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று பலர் அதை அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டேங்க் வெடிக்காமல் இருப்பதே அந்தச் சொட்டால்தான்.

பழுதானால் யார் செலவு?

ஓனர் மாட்டி வைத்த கீஸர் கெட்டுப்போனால் ஓனர்தான் சரிசெய்ய வேண்டும் என்று நினைப்போம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, வேறு மாதிரி சொல்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீஸர் பழுது எல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. உள்ளே, வெளியே ஓடும் மின் வயரிங்கும் தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதும் ஓனர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அதுவே செல்லும். ஆக, எலிமென்ட் போனால் நீங்கள், 16 ஆம்ப் லைன் இழுக்க ஓனர் என்று பேசுவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகக் கேட்டுச் சண்டை போடுகிறார்கள்.

இதே விஷயம் இங்கிலாந்தில் எதிர்ப்பக்கம் நிற்கிறது. வேலூரிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போய் அங்கே வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சேர்க்கிறேன். 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, வெந்நீருக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள சாதனங்களைச் சரியாக வைத்திருப்பது அங்கே வீட்டுக்காரர் கடமை. தான் வாங்கிய விலைக்கு மேல் மின்சாரத்தை வாடகைக்காரருக்கு விற்கவும் கூடாது. இரவுக் கட்டணம் உண்மையில் உள்ள ஊரும் அதுதான். எகானமி செவன் என்று 1978-லிருந்து நடக்கிறது. இரவில் ஏழு மணி நேரம் மலிவு, அதற்கு ஈடாகப் பகலில் சாதாரணக் கட்டணத்தைவிட அதிகம். நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் சிலிண்டரில் இரண்டு எலிமென்ட் இருக்கும். கீழே உள்ளது இரவில் தானாக ஓடும், மேலே உள்ளது பகலில் அவசரத்துக்கு. புதிதாகக் குடிபோனவர்கள் எந்தச் சுவிட்ச் எது என்று தெரியாமல் பகல் எலிமென்டையே போட்டு வைத்துவிட்டு, பில் வந்ததும் திகைக்கிறார்கள். போன முதல் நாளே மீட்டரில் இரண்டு ரீடிங் இருக்கிறதா, மலிவு நேரம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, டைமர் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் குளித்து, சமைத்து, ஹீட்டர் போட்டு இருப்பவருக்கு அந்தக் கட்டணமே பொருந்தாது. பில் தன் பெயரில் இருந்தால் ஒற்றைக் கட்டணத்துக்கு மாற்றித் தரக் கேட்கலாம்.

இங்கேயும் நேரக் கட்டணம் வந்தால்?

மத்திய அரசு 2023 ஜூனில் கொண்டுவந்த விதித் திருத்தப்படி, ஸ்மார்ட் மீட்டர் வந்த இடங்களில் வீடுகளுக்கும் நேரக் கட்டணம் வர வேண்டும். அதில் மலிவு நேரம் இரவு இல்லை, வெயில் அடிக்கும் எட்டு மணி நேரம். அப்போது கட்டணம் குறைந்தது 20 விழுக்காடு குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல். சூரிய மின்சாரம் பெருகியதால் வந்த மாற்றம் இது. நம் வீட்டு மீட்டருக்கு இது வந்தால் காலை ஏழு மணிக்கு ஓடும் 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீஸர்தான் முதலில் அடிபடும், ஏனென்றால் அதனால் நேரத்தைத் தள்ளிப்போட முடியாது. நன்றாகச் சூடு தாங்கும் டேங்க் கீஸரைச் சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டு ஏழு மணிக்குக் குளிக்கலாம். காலைக் குளியல்காரருக்கு அதிலும் லாபம் குறைவு. இதை மனதில் வைத்து இன்று கீஸர் வாங்க வேண்டியது இல்லை. அடுத்த வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகப்போகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

என் தேர்வு

தனி இணைப்பு, இரண்டு மாதம் 400 யூனிட்டுக்குள், வயரிங் சரி, மூன்று வருடமாவது இருப்போம் என்ற நிலை இருந்தால் 15 லிட்டர் டேங்க் கீஸர். 5 ஸ்டார் வேண்டும் என்று அடம் பிடிக்க மாட்டேன். 450-ஐத் தாண்டுகிற வீட்டில், காற்றோட்டமான வெளியிடம் இருந்தால் கேஸ் கீஸர். இல்லையென்றால் இன்ஸ்டன்டை மாட்டி, 500 தாண்டாமல் வேறு எதைக் குறைக்கலாம் என்று பார்ப்பேன். தண்ணீரில் மிச்சம் பிடிப்பதைவிட ஹாலில் யாரும் இல்லாமல் ஓடும் ஏ.சி.யை அணைப்பது சுலபம். சப் மீட்டர் வீட்டில் இன்ஸ்டன்ட், அதுவும் ஓனர் 16 ஆம்ப் லைன் போட்டுக் கொடுத்தால் மட்டும்.

தோட்டப்பாளையம், சைதாப்பேட்டை பக்கம் சி.எம்.சி. மருத்துவமனை சிகிச்சைக்காக இரண்டு மூன்று மாதம் வீடெடுத்துத் தங்குபவர்கள் எதையும் வாங்க வேண்டாம். கீஸர் ஏற்கெனவே உள்ள அறைக்கு முந்நூறு ரூபாய் கூட ஆனாலும் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் நோயாளிக்கு மட்டும் அடுப்பில் வெந்நீர். ஒரு சீசனுக்காகச் சுவரைத் துளைத்து மாட்டி, போகும்போது பாதி விலைக்குக்கூட விற்க முடியாமல் விட்டுவிட்டுப் போனவர்களின் கீஸர்கள் இந்தத் தெருக்களில் நிறைய உண்டு. அடுத்துக் குடிவருபவருக்கு 'கீஸர் இருக்கு' என்று காட்டப்படுவது அதுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதை அரை மணி நேரம் ஓடவிட்டு, குழாயில் வெந்நீர் வருகிறதா, பிளக் சுடுகிறதா, வால்வு சொட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சப் மீட்டர் இருந்தால் அன்றைய ரீடிங்கை ஓனர் எதிரிலேயே போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.